தொட்டியில பம்பு கண்ணுல படக்கூடாது, மீனும் திணறக்கூடாது: கோளாறு வாரியா எதப் பாக்கணும்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம்னு இந்தக் கடலோரத்துல மீன்தொட்டி வச்சிருக்கவங்க கூப்பிட்டா போய்ப் பாக்குறது நம்ம வேலை. பெரும்பாலும் ஒரே கதைதான். ஹால்ல அழகா தொட்டி, ஒயரு டியூபு எதுவும் வெளிய தெரியக்கூடாதுன்னு எல்லாத்தையும் பாறைக்குப் பின்னாடியும் ஸ்டாண்டுக்கு உள்ளயும் தள்ளியாச்சு, இப்ப மீனு மேல வந்து வாயப் பொளக்குது. மறைக்கிறது தாராளமா மறைங்க, ஆனா மேல்தண்ணி அசையணும், கோளாறு வந்தா உங்க கை அங்க போகணும், இந்த ரெண்டையும் விட்டுட்டு மறைச்சாதான் எல்லா வம்பும்.

மேலருந்து வரிசையா படிக்கணும்னு இல்ல. உங்க தொட்டியில என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. காசில்லாத காரணம் முதல்ல வரும், செலவு வைக்கிறது கடைசியில.

## இப்பவே, இந்த நிமிஷம் திணறுதுன்னா

காரணத்த அப்புறம் தேடிக்கலாம். மூடிய தொறங்க. ஒரு மக்கு எடுத்து தொட்டித் தண்ணியவே மொண்டு ஒரு அடி உயரத்துலருந்து திரும்ப ஊத்துங்க, பத்து நிமிஷம் விடாம. ஃபில்டர் வாயி தண்ணிக்குள்ள முங்கி இருந்தா மேல தூக்கி விடுங்க, தூக்க முடியலன்னா ரெண்டு இஞ்ச் தண்ணிய எறக்குங்க, மேலருந்து கொட்டணும், சலசலன்னு சத்தம் கேக்கணும். அன்னிக்கு தீனி கிடையாது. செடி வச்ச தொட்டின்னா லைட்டப் போட்டு விடுங்க.

தண்ணி தொட்டா வெதுவெதுன்னு இருக்கா? ஐஸ்கட்டிய அப்படியே போடாதீங்க, பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வச்சு மூடியோட மிதக்க விடுங்க, மணிக்கு ரெண்டு டிகிரிக்கு மேல எறங்க வேணாம். 25 டிகிரியில நல்ல தண்ணி லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30-ல சுமார் 7.5, 35-ல 7 கிட்ட வந்துரும். நம்ம ஊரு சித்திரை வைகாசியில மொட்டை மாடிக்குக் கீழ இருக்க ஹால்ல தொட்டித் தண்ணி 32, 33 போறது சாதாரணம், சூட்டுல மீனுக்கு மூச்சும் கூடத் தேவைப்படும், அதனாலதான் மார்கழியில ஒண்ணும் ஆகாத அதே தொட்டி மே மாசம் படுத்துது.

ஒண்ணு மட்டும் கவனிங்க. கௌராமியும் ஃபைட்டரும் மேல வந்து காத்து குடிக்கிறது அதோட குணம், சக்கர் மீனு கூட எப்பவாச்சும் விருட்டுனு மேல போய்ட்டு வரும். அதப் பாத்து பயப்பட வேணாம். மத்த மீனெல்லாம் கூட்டமா மேல நின்னு, இல்ல ஃபில்டர் தண்ணி விழுற மூலையில போய் ஒண்டிக்கிட்டு செவுள வேகமா அடிச்சா அதுதான் ஆபத்து. ஒரே ஒரு மீனு மட்டும் திணறுதா, அது ஆக்சிஜன் விஷயமே இல்ல, செவுள்ல பூச்சியா இருக்கலாம், அந்த மீனத் தனியா எடுத்து வைங்க.

## கருக்கல்ல மட்டும் திணறுது, வெயில் ஏறினா சரியாகிடுது

இது ராத்திரிக் கணக்கு. லைட்டு அணைஞ்சதும் செடி, பாசி, மீனு, அடியில கிடக்குற கழிவு எல்லாம் சேர்ந்து ஆக்சிஜனத் தின்னுது, உள்ள வர்றது மேல்தண்ணி வழியா மட்டும்தான்.

முதல்ல ராத்திரி பம்ப யாராச்சும் ஆஃப் பண்றாங்களான்னு வீட்ல கேளுங்க. சிரிக்காதீங்க, தூங்கறப்ப சத்தமா இருக்குன்னு பெரியவங்க யாராவது சுவிட்ச அமுக்கிட்டு, காலையில எந்திரிச்சதும் போட்டு விட்டுருவாங்க, பம்பு எப்பவும் ஓடுதுன்னு நீங்க சத்தியம் பண்ணுவீங்க. சத்தம்தான் பிரச்சனைன்னா கீழ சத்தத்துக்குன்னு தனியா எழுதியிருக்கு.

அடுத்து மூடி. மறைக்கிறதுக்காக ஹூடு போட்டு சுத்தி ஓரத்தையும் அடைச்சிருந்தா பின்பக்கம் ரெண்டு விரக்கடை திறந்து விடுங்க, முன்னாடிருந்து பாத்தா தெரியவே தெரியாது.

அடுத்து மேல ஏடு. லைட்ட பக்கவாட்டுல அடிச்சு மேல்தண்ணியப் பாருங்க, எண்ணெய் மாதிரி மினுமினுன்னு படலம் நிக்குதா? ஹாலும் அடுப்படியும் ஒண்ணா இருக்க வீட்ல மீன் பொரிச்சாலே போதும், படிஞ்சுரும். டிஷ்யூ பேப்பர மேல விரிச்சு மெதுவா தூக்குங்க, படலம் அதோட வந்துரும், நாலஞ்சு தடவ செய்ங்க. மறுநாளே திரும்ப வந்தா மேல்தண்ணி அசையலன்னு அர்த்தம், ஃபில்டர் வாய மேல திருப்புங்க.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வச்சிருக்கீங்களா? லைட்டு அணையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அதுவும் அணையணும், அதுக்குன்னு தனி டைமர் மாட்டிட்டா மறந்து போற கவல இல்ல. இதெல்லாம் சரியா இருந்தும் காலையில திணறினா மீனு கூட்டம் ஜாஸ்தி. கைநீளம் வளர்ற ஆஸ்கரையும் கொழுத்த கோல்ட்ஃபிஷ்ஷையும் ரெண்டடித் தொட்டியில வச்சுட்டு எத்தன ஏர் ஸ்டோன் (டியூபு நுனியில மாட்டுற குமிழிக் கல்லு) போட்டாலும் தாங்காது. பெரிய தொட்டி, இல்லன்னா மீனக் கொறைங்க.

## பம்பு இரையுது, ஆனா குமிழி வரல, இல்ல ரொம்ப சன்னமா வருது

ரொம்ப அடிக்கடி வர்ற கோளாறு இதுதான், ரொம்ப சுளுவும் இதுதான், ஆனா ஆளுங்க நேரா போய் புது பம்பு வாங்கிட்டு வந்துர்றாங்க. கீழக்கரையில ஒரு வீட்ல, செவுத்துக்குள்ள பதிச்ச தொட்டி, அந்த வீட்டு லாத்தா "தம்பி, மோட்டரு சத்தம் கேக்குதுல்ல, அது நல்லாத்தான் ஓடுது, மீனுதான் சீக்கு மீனா குடுத்துட்டான் கடக்காரன்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கீழ கதவத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தா, டியூபு வர்ற ஓட்டையில ப்ளைவுட் விளிம்பு அமுக்கி அது சப்பையா மடிஞ்சு, மடிப்புல வெள்ளையா ஒரு கோடு விழுந்திருந்துச்சு. விரலால நிமித்தி விட்டதும் மேல குமிழி வந்துருச்சு. கடக்காரர் மேல தப்பே இல்ல. அந்த ஓட்டைய கொஞ்சம் அரத்தால ராவி அகலமாக்கி, மடிஞ்ச துண்ட வெட்டிட்டு வேற டியூபு மாட்டினோம், வேல முடிஞ்சுது.

பாக்குற வரிசை இப்படி. எதையும் கழட்டுறதுக்கு முன்ன பிளக்க புடுங்குங்க, டியூபக் கழட்டின பிறகு திரும்பப் போட்டுப் பாருங்க.

பம்பு மூக்குலருந்து டியூபக் கழட்டிட்டு விரல வச்சுப் பாருங்க. விரல நல்லா தள்ளுதா? அப்ப பம்பு நல்ல பம்பு, கோளாறு அதுக்கு அங்கிட்டுதான். டியூப மாட்டி, செக் வால்வுக்கு (டியூபு நடுவுல, காத்த ஒரே பக்கமா மட்டும் விடுற சின்ன வால்வு) முன்னாடி கழட்டிப் பாருங்க. அங்கயும் காத்து வந்தா வால்வுக்கு அப்புறம் பாருங்க. அங்கயும் வந்தா கல்லக் கழட்டிட்டு வெறும் டியூப தண்ணிக்குள்ள விடுங்க. எந்த எடத்துல காத்து நிக்குதோ அதுக்கு முந்தின சாமான்தான் குத்தவாளி.

கல்லுதான் அடைப்புன்னா: நம்ம பக்கம் போர் தண்ணி உப்பும் சுண்ணாம்புமா இருக்கும், கல்லு மேல வெள்ளையா பூத்து ஓட்டைய மூடிரும். வினிகர்ல ராத்திரி ஊறப் போட்டு, நல்லா அலசி, வெயில்ல காய வச்சுப் பாருங்க. அப்பவும் வரலன்னா தூக்கிப் போடுங்க, இருவது முப்பது ரூவா சமாச்சாரம், இதுக்கு மல்லுக்கட்ட வேணாம்.

செக் வால்வுன்னா: கழட்டி வாயால ஊதுங்க, ஒரு பக்கத்துலருந்து போகணும், மறு பக்கத்துலருந்து போகக்கூடாது. ரெண்டு பக்கமும் போகலன்னா ஒட்டிக்கிச்சு, ரெண்டு பக்கமும் போச்சுன்னா அது வால்வே இல்ல, ரெண்டுக்கும் புதுசுதான். திருப்பி மாட்டினதாலயும் காத்து வராது, அதையும் பாருங்க.

டியூபுன்னா: பாறை மேல உக்காந்திருக்கா, டிரிஃப்ட்வுட் அடியில சிக்கியிருக்கா, ஸ்டாண்டு செவுத்தோட ஒட்டி நசுக்குதா. பச்சை டியூபு மலிவு, ஆனா கொஞ்ச மாசத்துல விறைச்சு வெடிப்பு விடும், மறைவா போற டியூபுக்கு சிலிக்கான் டியூபே போடுங்க, அதுவும் கருப்பு.

ஆழம்: ரெண்டடி ஆழத் தொட்டிக்கு சின்ன பம்பு தள்ளாது. கல்ல அடியில புதைக்காம பாதி ஆழத்துல பாறைக்குப் பின்னாடி தொங்க விடுங்க, பாதி ஆழம்னா பம்புக்கு பாதி எதிர்ப்பு, குமிழி கூட வரும். ஒரு பம்புல ரெண்டு மூணு கல்லு இருந்தா மேலாப்புல இருக்க கல்லு மொத்தக் காத்தையும் வாங்கிரும், திருகு வச்ச பிரிப்பான் போட்டு அத கொஞ்சம் இறுக்குங்க.

விரல் வச்சா பம்பே தள்ளலன்னா: பம்ப கவுத்து அடியில காத்து இழுக்குற எடத்துல சின்னப் பஞ்சு இருக்கும், தூசி அப்பி கருப்பா இருந்தா கழுவிக் காய வைங்க. அதுவும் சரின்னா உள்ள ரப்பர் டயஃப்ரம் கிழிஞ்சிருக்கும், இரையும் ஆனா தள்ளாது. நாலு ஸ்க்ரூ கழட்டினா தெரியும், குமிழ் மாதிரி இருக்க ரப்பர விரலால அழுத்தி லைட்டுக்கு நேரா பாருங்க, விரிசல் தெரியும். நல்ல மாடலுக்கு ரப்பர் செட்டு தனியா கிடைக்கும், ரொம்ப மலிவுப் பம்புக்கு கிடைக்காது, அதுக்கு புதுசு வாங்குறதே லாபம். காயில் கருகின வாட அடிச்சா பிரிக்கவே வேணாம், எறிஞ்சிருங்க.

## குமிழி ஜோரா வருது, மீனு மட்டும் திணறுது

இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. குமிழி வர்ற அழகப் பாத்து ஆக்சிஜன் ஏறுதுன்னு நெனைக்கிறோம், ஆனா பெரும்பங்கு ஏறுறது மேல்தண்ணியில. குமிழி போய் மேல முட்டி தண்ணியக் கலக்கி விடுறதுதான் அதோட வேலை. கல்ல மறைக்கணும்னு பாறைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவுல ஒரு சந்துல விட்டா, அந்த சந்துத் தண்ணி மட்டும் கொதிக்கும், முன்பக்கம் தட்டையா நிக்கும்.

சோதிக்க, ஒரு துளி தீனித் தூள முன்பக்கம் மேல்தண்ணியில போடுங்க. நகர்ந்து சுத்தினா சரி. போட்ட எடத்துலயே நின்னா கல்ல நகத்துங்க, இல்ல ஃபில்டர் வாய முன்பக்கம் மேல்தண்ணியத் தடவிப் போற மாதிரி திருப்புங்க.

மேல்தண்ணியும் நல்லா அசையுது, அப்பவும் திணறுதுன்னா தண்ணி கெட்டிருக்கு. டெஸ்ட் கிட்டு எடுத்து அமோனியா, நைட்ரைட் (மீன் கழிவுலருந்து தண்ணியில சேர்ற விஷம்) பாருங்க. தொட்டி போட்டு ஒரு மாசம் கூட ஆகலன்னா நூத்துக்குத் தொண்ணூறு அதுதான். நைட்ரைட் ஏறினா ரத்தம் ஆக்சிஜன சுமக்காது, செவுளு சிவப்பு மாறி பழுப்பா இருக்கும், எவ்வளவு காத்து விட்டாலும் பிரயோஜனம் இல்ல. தண்ணிய மாத்தணும், அதோட 10 லிட்டருக்கு 10 கிராம் கணக்குல கல்லுப்ப கரைச்சு ஊத்தலாம், வாலிநோக்கம் உப்பளத்து உப்பே போதும், அயோடின் கலந்தது வேணாம். செடி இருந்தா, செதில் இல்லாத மீனு இருந்தா பாதி போடுங்க.

மருந்து ஏதாச்சும் போட்டீங்களா? ஃபார்மலின் மாதிரி சில மருந்து ஆக்சிஜனக் கொறைக்கும், மருந்து நாள்ல காத்தக் கூட்டியே வைக்கணும்.

கடைசியா, பாறைக்குப் பின்னாடி மோந்து பாருங்க. நெஜமாத்தான் சொல்றேன். மறைவா கட்டின சந்துல ஒரு மோலி மீனு செத்துக் கிடந்தா முன்பக்கம் யாருக்கும் தெரியாது, அழுகிக்கிட்டே இருக்கும், அது அமோனியாவும் விடும் ஆக்சிஜனையும் தின்னும். காயாத மரவேரும் இதே வேலைய செய்யும், நம்ம ஊருல எங்க பாத்தாலும் சீமைக்கருவேலம்தான, வேர் அழகா இருக்குன்னு பச்சையா வெட்டிட்டு வந்து டியூப மறைக்க வச்சுர்றாங்க, ஒரு வாரத்துல வெள்ளையா கொழகொழன்னு படலம் பூத்துரும். நல்லா காய வச்சு, வாரக்கணக்கா ஊற வச்சு, கறை விடாம முங்கின பிறகுதான் தொட்டிக்குள்ள.

## தண்ணி மாத்தினதும் திணறுது

காவேரிக் கூட்டுக் குடிநீர்னா குளோரின். ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து மொத்தத் தொட்டி லிட்டருக்கும் கணக்குப் போட்டு ஊத்துங்க. லாரித் தண்ணியும் அப்படித்தான், ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு போட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. போர் தண்ணின்னா நேர் எதிர்க் கோளாறு, பூமிக்கு அடியிலருந்து வர்ற தண்ணியில ஆக்சிஜனே கம்மியா இருக்கும், ட்ரம்முல பிடிச்சு ஒரு ராத்திரி ஏர் ஸ்டோன ஓட விட்டு மறுநாள் ஊத்துங்க.

எல்லா எடத்துலயும் பாதித் தண்ணிய மாத்துன்னு சொல்லுவாங்க. நல்ல தண்ணிய குடம் கணக்குல காசு குடுத்து வாங்குற ஊருல ஒரே நாள்ல அது நடக்குற காரியமா? நாளுக்கு அஞ்சுல ஒரு பங்கா நாலஞ்சு நாளைக்கு மாத்துங்க, மீனுக்கும் அதிர்ச்சி இல்லாம இருக்கும்.

## பாறைச் சுவருக்குப் பின்னாடி மோட்டரு கலகலங்குது, தண்ணி வரத்து கொறஞ்சிருச்சு

தெர்மோகோல்ல சிமெண்ட் பூசி பாறை மாதிரி செஞ்சு பின்னாடி ஒரு அறை விட்டு அதுல மோட்டர ஒளிச்சு வைக்கிறது இப்ப எல்லா ஊர்லயும் வந்துருச்சு. பாக்க பிரமாதமா இருக்கும். கலகலன்னு சத்தம் வந்தா மோட்டரு தண்ணியோட காத்தையும் சேர்த்து இழுக்குதுன்னு அர்த்தம், பின்னறையில தண்ணி இறங்கியிருக்கு.

மோட்டர ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் பின்னறையவே பாருங்க.

தண்ணி மெதுவா ஏறுது, இல்ல ஏறவே இல்லன்னா: முன்பக்கத்துலருந்து வர்ற பிளவும் ஸ்பாஞ்சும் அடைப்பு. பழைய பல்தேய்க்கிற பிரஷ்ஷால பிளவத் தேய்ங்க, ஸ்பாஞ்ச தொட்டித் தண்ணியிலயே பிழிஞ்சு அலசுங்க, குழாய்த் தண்ணியில அலசினா அதுல குடியிருக்க நல்ல பாக்டீரியா போயிரும்.

மளமளன்னு ஏறி முன்பக்க மட்டத்துக்கு வந்துருச்சு, ஆனா மொத்தமே கோட்டுக்குக் கீழ இருக்குன்னா: ஆவியாப் போயிருக்கு, நல்ல தண்ணிய ஊத்துங்க. ஆவியாகறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே தங்கிரும், அதனால குறைஞ்ச தண்ணிய உப்புப் போர் தண்ணியால நிரப்பிக்கிட்டே போனா மாசாமாசம் தொட்டி உப்பு ஏறிக்கிட்டே போகும்.

மளமளன்னு ஏறுது, மட்டமும் சரியா இருக்கு, மோட்டர போட்டா திரும்ப இறங்குதுன்னா: பிளவு தாங்குற அளவுக்கு மேல பெரிய மோட்டர் மாட்டியிருக்கீங்க. திருகக் கொறைங்க, திருகு இல்லன்னா சின்ன மோட்டரு.

மோட்டரு சுத்தவே இல்லாம முனகினா பிளக்க புடுங்கிட்டு முன்மூடியக் கழட்டி இம்பெல்லர (உள்ள சுத்துற சின்ன இறக்கைய) வெளிய எடுங்க, முடி, நத்தை ஓடு, சுண்ணாம்பு ஏதாச்சும் சிக்கியிருக்கும். இதுக்கெல்லாம் மோட்டரு மேல் வழியா கையில வரணும். சிலிக்கான் ஒட்டி மேலயும் மூடின பாறைச் சுவரா இருந்தா அத நீங்களே கத்தி வச்சு அறுக்காதீங்க, கண்ணாடி ஒட்டு பிஞ்சா வீடே தண்ணி, தொட்டி செய்ற ஆளக் கூப்பிடுங்க.

## கரண்ட் போய் வந்தா கேபினெட்டுக்குள்ள தண்ணி

பம்பு தண்ணி மட்டத்துக்குக் கீழ ஒளிஞ்சிருக்கு, கரண்ட் போனதும் டியூபு வழியா தண்ணி பின்னோக்கி எறங்கி பம்பு வழியா கொட்டியிருக்கு. இப்ப உடனே பம்புலருந்து டியூபக் கழட்டி தொட்டிக்கு மேல தூக்கிப் பிடிங்க, நின்னுரும். நனைஞ்ச பம்ப காயறதுக்கு முன்ன பிளக்ல போடாதீங்க.

செக் வால்வு இல்லாம பம்ப கீழ வைக்கவே கூடாது. இருந்தும் வந்துச்சுன்னா வால்வு தேஞ்சுருச்சு, வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறது நல்லது. எடம் இருந்தா பம்ப தொட்டி மட்டத்துக்கு மேல, ஷோகேஸ் தட்டுல ஒரு கூடைக்குள்ள வைங்க, அப்ப இந்த வம்பே கிடையாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ கேபினெட் தரையில போடாம பக்கச் சுவர்ல மேல அடிங்க, ஒயரு பிளக்குக்கு வர்றதுக்கு முன்ன கீழ தொங்கி ஏறணும், அப்பதான் ஒயர் வழியா வர்ற தண்ணி பாயிண்டுக்குப் போகாம கீழ சொட்டும்.

கரண்ட் ரொம்ப நேரம் வரலன்னா: ஐப்பசி கார்த்திகையில புயல் மழைன்னா நாள் முழுக்க கூட போகும். சின்ன ஏர் பம்பு அஞ்சு வாட்டுக்குள்ளதான் இழுக்கும், இன்வெர்ட்டர்ல அத மட்டும் போட்டு வைங்க. யூஎஸ்பி பம்பும் நல்லது, ஆனா சில பவர் பேங்க் இவ்வளவு கம்மியா இழுத்தா யாரும் மாட்டலன்னு நெனச்சு தானா அணைஞ்சுரும், புயலுக்கு முன்னாடியே ஒரு ராத்திரி ஓட விட்டுப் பாத்துக்குங்க. கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளிய வைக்கிற மூடின டப்பா ஃபில்டர்) பல மணி நேரம் நின்னுருந்தா அப்படியே ஆன் பண்ணாதீங்க. உள்ள ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்து அழுகின முட்டை வாட அடிக்கும், அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, ஸ்பாஞ்ச அலசிட்டு அப்புறம் போடுங்க.

## மறைச்ச எடத்துலருந்து சத்தம்

பம்பு ப்ளைவுட் தட்டுல நேரா உக்காந்திருந்தா மொத்த ஸ்டாண்டும் சேர்ந்து அதிரும். கையில தூக்கிப் பாருங்க, சத்தம் நின்னா பம்பு நல்லாருக்கு, கீழ பழைய செருப்பு ரப்பர் ஒரு துண்டு போடுங்க, இல்ல ஆணியில கயிறு கட்டித் தொங்க விடுங்க. டியூபு செவுத்துல உரசினாலும் உறுமும். தூக்கினாலும் அதே சத்தம்னா பம்புக்குள்ள ரப்பரோ, அத ஆட்டுற காந்தக் கையோ லூசு. சதுர அலை இன்வெர்ட்டர்ல ஓடறப்ப மட்டும் இரையுதுன்னா அது இன்வெர்ட்டரோட குணம், கரண்ட் வந்தா சரியாயிரும்.

சத்தம் கேக்கக்கூடாதுன்னு பம்ப துணியில சுத்தி வைக்கிறத நெறைய வீட்ல பாத்தாச்சு. வேணாங்க, சூடு ஏறி ரப்பர் விறைச்சுப் போகும். கேபினெட்டுக்கும் பின்பக்கம் ரெண்டு ஓட்ட வேணும், பம்பு அதுக்கு உள்ளருந்துதான காத்த எடுக்குது.

## எல்லாம் ஓடுது, ஆனா அசிங்கமா தெரியுது

பின்கண்ணாடிக்கு வெளிய கருப்பு ஷீட்டு ஒட்டுங்க, நீலக் கடல் போஸ்டர் வேணாம், கருப்புல கருப்பு டியூபு, கருப்பு ஸ்பாஞ்சு ஃபில்டர் எல்லாம் தானா கரைஞ்சுரும், பாதி வேலை இதுலயே முடிஞ்சுது. டியூப கண்ணாடி மூலையில சிலிக்கான் கோட்டோட ஒட்டி இறக்குங்க. ஸ்பாஞ்சு ஃபில்டர பின்மூலையில வச்சு முன்னாடி வல்லிசெடியோ (நீட்டு இலை விடுற தண்ணிச் செடி) உயரமான ஒரு கருங்கல்லோ நிறுத்துங்க, கல்லுக்கும் ஃபில்டருக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கணும். வரிசையா ஓட்ட போட்ட பைப்ப மேல் விளிம்புக்குக் கீழ பின்பக்கம் படுக்கப் போட்டா ஹூடு அத மறைச்சுரும், மேல்தண்ணி முழுக்க நெளியும், ஏர் ஸ்டோனே வேண்டியதில்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இதுதான்.

மறைக்கிறதுக்குப் பவளப்பாறைத் துண்டு மட்டும் வேணவே வேணாம். கரையில ஒதுங்கினதுதானேன்னு கேப்பாங்க. மன்னார் வளைகுடாவுல கடல் தேசியப் பூங்கா 1986-லருந்து இருக்கு, பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கு, உயிரோட இருந்தாலும் செத்ததா இருந்தாலும் எடுத்து வச்சா கேசு. அதில்லாம பவளம் முழுக்க சுண்ணாம்பு, நல்லதண்ணித் தொட்டியில கரைஞ்சு தண்ணியக் கடினமாக்கும், அப்புறம் ஏர் ஸ்டோன் வெள்ளையா பூக்குதுன்னு திரும்ப மேல இருக்க தலைப்புக்கே வருவீங்க.

## கடல்தண்ணித் தொட்டின்னா

உப்புத் தண்ணி நல்ல தண்ணிய விட கம்மியாத்தான் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம். ஆனா ஏர் ஸ்டோன் போடாதீங்க, குமிழி வெடிச்சு உப்புச் சாரல் லைட்டு, பிளக்கு, செவுரு எல்லாத்துலயும் படியும். வேவ் மேக்கர (தண்ணிய அலையா தள்ளுற மோட்டர) மேல்தண்ணியப் பாத்து லேசா தூக்கி வைங்க, கீழ சம்ப்ல (கேபினெட்டுக்குள்ள இருக்க துணைத் தொட்டி) ப்ரோட்டீன் ஸ்கிம்மர் (அழுக்க நுரையாக்கி எடுக்குற சாமான்) ஓடினா அதுவே ஏராளமா காத்தக் கலக்கும், மொத்தமும் கேபினெட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கும். ஸ்கிம்மர்ல நுரை வரலன்னா காத்து இழுக்குற சின்ன டியூபு நுனியில உப்பு அடைச்சிருக்கும், வெந்நீர்ல முக்குங்க.

## தண்ணியில கை வச்சா சுருக்குங்குது, இல்ல பிளக்கு பச்சை பூக்குது

இதுல நீங்க பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. கைய வெளிய எடுங்க, மெயின அணைங்க, அப்புறம் பிளக்க புடுங்குங்க, எலக்ட்ரீஷியன வரச் சொல்லுங்க. கடல்காத்துக்கு பிளக்குக் கம்பி பச்சை பூத்து, லூசாகி, பொறி தட்டும். மறைவான எடத்துல இருக்கறதால யாரும் பாக்குறதில்ல. தொட்டி லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுற பாதுகாப்பு சுவிட்சு) போட்டே ஆகணும்னு அவர்கிட்ட சொல்லுங்க. அது ஏற்கனவே இருந்து அடிக்கடி விழுந்தா, விழுதுன்னு அத மாத்தாதீங்க, ஒவ்வொரு சாமானா கழட்டிப் பாருங்க, எத மாட்டினா விழுதோ அதுல தண்ணி புகுந்திருக்கு.

இது போக ஆள் கூப்பிட வேண்டியது: கண்ணாடி மூலையில சொட்டு, செவுத்துல பதிச்ச தொட்டியில கை போகாத பைப்பு, ஓ-ரிங் (மூடி ரப்பர் வளையம்) மாத்தியும் ஒழுகுற கேனிஸ்டர், தண்ணி டெஸ்ட் எல்லாம் சரியா இருந்தும் நாளுக்கு ரெண்டு மூணு மீனு சாகுறது. கூப்பிடறப்ப தொட்டி எத்தன லிட்டரு, தண்ணி எத்தன டிகிரி, திணறுறது காலையிலயா நாள் முழுக்கவா, கடைசியா தண்ணி மாத்தினது எப்ப, எந்தத் தண்ணின்னு சொல்லிருங்க, பின்பக்கம் டார்ச் அடிச்சு ஒரு போட்டோவும் அனுப்புங்க. பாதிக் கோளாறு அந்த போட்டோவுலயே தெரிஞ்சுரும், ஆட்டோ செலவு மிச்சம்.